டேர்போ போச்சு என்று சொன்னால் உடனே காசை எடுக்காதீர்கள்

வன்னியில் மேடு, ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டேர்போ படுத்தாலும் சட்டென்று தெரியாது. எனக்குத் தெரிந்தது ஏ9 வீதியில், மாங்குளம் தாண்டி, ஒன்பது நெல் மூட்டையோடு ஒரு மணல் டிப்பரை முந்தப் போனபோது. மிதிக்கிறேன், சத்தம் கூடுகிறது, வாகனம் இழுக்கவில்லை. எதிரே பஸ். பேசாமல் டிப்பருக்குப் பின்னாலேயே ஒதுங்கிவிட்டேன். வாகனம் பழைய பஜரோ, 4டி56 டீசல் எஞ்சின். கறுப்புப் புகை துளியும் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அங்கே நின்றவர் டேர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுக் காட்டினார். விரல் பளபளத்தது. "பாருங்கோ அண்ணை, ஒயில் கக்குது." அப்புறம் உள்ளே இருந்த விசிறியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். இலேசாக ஆடியது. "பெயாரிங் போயிட்டுது. இது உடைஞ்சு உள்ளுக்குப் போனா எஞ்சினும் முடிஞ்சுது." பயந்துவிட்டேன். ரீகண்டிஷன் டேர்போ என்று 85,000 ரூபாய் வாங்கினார். பழையதைக் கேட்டதற்கு, "அதைத் தந்தாத்தான் அண்ணை இந்த விலை" என்றார். பில் இல்லை. சிகரெட் பெட்டி மட்டையில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

அதன் பிறகும் வாகனம் இழுக்கவில்லை. கேட்டால், "புதுசெல்லோ, கொஞ்சம் ஓடட்டும்" என்றார். மூன்றாம் நாள் புளியங்குளத்தில் பெயின்ற் கருகும் மணம். பொனற்றைத் திறந்தால், டேர்போவின் சைலன்சர் பக்கம் வெள்ளிப் பூச்சு கொப்பளித்து உரிகிறது. அந்தப் பக்கம் கொதிக்கிற சூட்டுக்குச் சாதாரண ஸ்பிரே பெயின்ற் நிற்குமா? உரிந்த இடத்தில் பழைய துரு. துருவுக்கு நடுவே, இரண்டு வருடத்துக்கு முன் என் கையிலிருந்து ஸ்பனர் நழுவி விழுந்த வெட்டு.

ஒட்டுசுட்டானில் ஒரு வயதான உழவு இயந்திர மெக்கானிக் இருக்கிறார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்த கை. டேர்போவை அவர் தொடவே இல்லை. "புகை தள்ளுதோ தம்பி?" "இல்லை ஐயா." நேரே டீசல் பம்புக்குப் போனார். பம்பின் தலையில் வட்டமாக ஒரு மூடி உண்டு. டேர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் வழியாக அங்கே வரும். அது உள்ளே இருக்கும் சவ்வை அமுக்கினால்தான் பம்ப் டீசலைக் கூட்டும். அவர் ஹோஸை வளைத்தார். கிளிப்புக்குக் கீழே மீன் வாய் போலத் திறந்தது. காற்று வந்ததே பம்புக்குத் தெரியவில்லை. டீசல் கூடவில்லை, அதனால் இழுவையும் இல்லை, புகையும் இல்லை. ஒரு சாண் ஹோஸ், 350 ரூபாய்.

அந்த விரல் ஒயில்? பழைய எஞ்சின் மூச்சுவிடும் குழாயால் அந்தளவு ஈரம் வருவது வழமையாம். விசிறித் தண்டும் ஒயிலில் மிதந்து சுழல்வதால், எஞ்சின் நிற்கும்போது பக்கவாட்டில் சற்று ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் அசைகிறதா, இதழ் கூட்டில் உரசிய தடம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம். என்னுடையதில் இரண்டும் இல்லை.

திரும்ப அந்தக் கராஜுக்குப் போய்க் கேட்டேன். "மாத்தேல்லை எண்டா, பழைய டேர்போவைக் கொண்டுவந்து காட்டுங்கோ" என்கிறார். அது என் பொனற்றுக்குள்தானே இருக்கிறது!