குடும்பச் சிகிச்சைப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

நான் மதுரையில் குழந்தைகளையும் பதின்பருவத்தினரையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் பார்த்துவரும் மருத்துவ உளவியலாளர். சென்ற ஆண்டு, குழந்தை மற்றும் குடும்பச் சிகிச்சையில் பன்னிரண்டு வார இறுதிகள் நடக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஓர் இணையவழிப் பயிற்சிக்கு 38,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். பயிற்சி நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் இன்னும் முடியவில்லை. அதே வாசகங்களோடு வேறு பெயர்களிலும் விளம்பரங்கள் வரத் தொடங்கியிருப்பதால், பெயரைவிட நடந்த விதத்தைச் சொல்வதுதான் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நான் சிக்கிக்கொண்டதற்குக் காரணம் புள்ளிகள். மருத்துவ உளவியலாளர்களைப் பதிவுசெய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் உள்ளவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் தொடர்கல்வியில் 100 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். என் பதிவு முடிய ஏழு மாதங்களே இருந்தன. பெங்களூருக்கோ சென்னைக்கோ போய் மூன்று நாள் பயிலரங்கில் உட்கார்ந்தால் போக்குவரத்து, தங்கும் செலவோடு அந்த நாட்களின் வருமானமும் போய்விடும். ஏற்கெனவே நேரம் கொடுத்திருக்கும் குழந்தைகளையும் தள்ளிப்போட வேண்டும். இந்த நிலையில், வீட்டிலிருந்தே படிக்கலாம், புள்ளிகளும் கிடைக்கும், ஒவ்வொருவரும் தாம் பார்க்கும் குடும்பங்களைப் பற்றி அனுபவமுள்ள சிகிச்சையாளரிடம் நேரடி மேற்பார்வை பெறலாம் என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் ஆசை வரும். "கவுன்சில் நெறிமுறைகளுக்கு இணங்க" என்று விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நானும் பார்த்தேன். இணங்குவதற்கும் ஒப்புதல் பெறுவதற்கும் உள்ள தூரம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

முதல் வகுப்பில் நூற்று நாற்பது பேர் இருந்தோம். இருபது பேருக்கு மிகாத அணி என்பது வாக்குறுதி. குடும்ப வரைபடம் வரையக் கற்றுத்தந்த அன்று, பெண்ணுக்குச் சதுரமும் ஆணுக்கு வட்டமும் போட்டிருந்தார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த குறியீடு. கைதவறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்று தலைமுறை வரைபடம் ஒன்றிலும் அதே தவறு வந்தபோதுதான், எதிரே பேசிக்கொண்டிருப்பவர் ஒரு குடும்பத்தை உட்காரவைத்து இந்தப் படத்தை ஒருநாளும் வரைந்திருக்க மாட்டார் என்ற சந்தேகம் எழுந்தது. நான்காம் வாரத்திலிருந்து நேரடி வகுப்பே இல்லை. பதிவுசெய்த காணொளிகளும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான்.

மேற்பார்வை என்பது இந்தத் துறையில் அலங்காரம் கிடையாது. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடார் மினுசின் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் குடும்பச் சிகிச்சையாளர்களை உருவாக்கிய காலத்திலேயே, பயிற்சி பெறுபவர் குடும்பத்தோடு பேசும்போது மூத்தவர்கள் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கவனிப்பது வழக்கமாக இருந்தது. தந்தைக்கும் மகனுக்கும் நடுவே தாய் குறுக்கிடும் அந்த நொடியை எப்படிக் கையாள்வது என்பதை ஒரு ஸ்லைடு கற்றுத்தராது. நாம் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர்தான் கற்றுத்தர முடியும். பள்ளிக்குப் போக மறுத்து ஐந்து மாதங்களாக வீட்டிலேயே இருந்த பதினான்கு வயதுப் பையனைப் பற்றி, அடையாளங்களை நீக்கி, ஆறு பக்கம் எழுதி மேற்பார்வைக்கு அனுப்பினேன். பதினேழு நாள் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது: பெற்றோருக்கு எல்லை வகுக்கக் கற்றுக்கொடுங்கள், கைபேசி நேரத்தைக் குறையுங்கள், தொடர்ந்து முயலுங்கள். அந்தப் பையனிடம் கைபேசியே கிடையாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்.

இவ்வளவும் பணமும் நேரமும் வீணான கதை. அடுத்து எழுதப்போகும் இரண்டும் அப்படிப்பட்டவை அல்ல.

ஐந்தாம் வாரத்தில் விளையாட்டுச் சிகிச்சைக்கு உதாரணமாக ஒரு காணொளியைக் காட்டினார்கள். எட்டு வயது இருக்கும் ஒரு சிறுமி, பொம்மை வீட்டின் கூரையைத் திறந்து அப்பா பொம்மையை மட்டும் எடுத்து வெளியே வைக்கிறாள். முகம் மறைக்கப்படவில்லை. சீருடையின் பையில் பள்ளியின் சின்னம் தெரிந்தது. சிகிச்சையாளர் இரண்டு முறை அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். பெற்றோரிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்கியிருக்கிறீர்களா என்று குழுவில் கேட்டேன். "இது மூடிய குழு, கவலை வேண்டாம்" என்றார்கள். நூற்று நாற்பது பேரும் தரவிறக்கிக்கொள்ளக்கூடிய இணைப்பில் அது கிடந்தது. சிகிச்சை பெறுபவரின் இரகசியத்தைக் காப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் உரிமையாகவே வைத்திருக்கிறது. அதை நமக்குச் சொல்லித்தர வேண்டிய வகுப்பில்தான் அது மீறப்பட்டது.

இரண்டாவது, எட்டாம் வாரம் வாட்ஸ்அப் குழுவில் வைத்த கேள்வி பதில் நேரத்தில் நடந்தது. பள்ளி ஆற்றுப்படுத்துநர் ஒருவர், உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொள்வதாகப் பதினைந்து வயதுப் பெண் சொன்னதைக் குறிப்பிட்டு, என்ன செய்வது என்று கேட்டார். இரகசியம்தான் முதல் கடமை, முதலில் அந்த உறவினரையும் சேர்த்து ஒரு குடும்ப அமர்வு நடத்துங்கள் என்று பயிற்சியாளர் பதில் சொன்னார். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, இப்படிப்பட்ட குற்றம் நடந்தது தெரியவந்தால் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், குற்றம் சாட்டப்பட்டவனை அந்தப் பெண்ணின் எதிரே நாற்காலி போட்டு உட்காரவைப்பதை எந்தக் குடும்பச் சிகிச்சை முறை ஏற்கும்? அந்த ஆற்றுப்படுத்துநரை அன்றிரவே தனியாக அழைத்து, சட்டம் சொல்வதையும் குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணையும் சொன்னேன். மறுநாள் அவர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் அந்தப் பதிலைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

கடைசியில் சான்றிதழ் வந்தது. "சான்றளிக்கப்பட்ட குழந்தை மற்றும் குடும்பச் சிகிச்சையாளர்" என்று தங்க எழுத்தில் இருந்ததே தவிர, ஒப்புதல் எண்ணோ புள்ளிகளோ அதில் இல்லை. கேட்டபோது முதலில் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள், பிறகு எங்கள் பயிற்சி உலகத் தரமானது, புள்ளிகள் தேவையில்லை என்றார்கள், அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை. இரண்டாம் நிலைப் பயிற்சிக்கு முப்பது சதவீதத் தள்ளுபடி தருவதாகக் குறுஞ்செய்தி மட்டும் இன்றுவரை தவறாமல் வருகிறது.

கவுன்சிலின் ஒப்புதல் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி குறித்துத் தனியாகத் தரப்படுகிறது. ஆகவே "அங்கீகாரம் பெற்ற நிறுவனம்" என்ற பொதுவான சொல்லை நம்பாமல், நீங்கள் சேரவிருக்கும் பயிற்சியின் பெயரும் தேதியும் உள்ள கடிதத்தைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள். மேற்பார்வை செய்யப்போவது யார், அவருடைய பதிவேட்டு எண் என்ன, ஒருவருக்கு எத்தனை மணி நேரம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைப் பாதுகாப்பை மட்டும் கற்க விரும்புவோர் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சம்வாத் திட்டம் வெளியிட்டுள்ள கையேடுகளிலிருந்து தொடங்கலாம், அவை இலவசம். பணத்தைத் திரும்பப் பெற நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவுசெய்திருக்கிறேன். விளம்பரத்தின் படம், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அப்படிப் பதிவுசெய்ய முடிந்தது.

சிறுமியின் காணொளியை நீக்கச் சொல்லிப் பதிவு அஞ்சலில் எழுதியபின் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே தரவிறக்கப்பட்ட பிரதிகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அந்த அணியில் படித்த எவரேனும் இதை வாசித்தால், ஐந்தாம் வாரக் காணொளியை உங்கள் கைபேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் இன்றே அழித்துவிடுங்கள்.