"சென்சர் போச்சுது" என்று 78,000 ரூபாவைக் கறந்துவிட்டார்கள்

யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருக்கிற ஆட்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். கோபம் இன்னும் ஆறவில்லை. பெயர் போடவில்லை. டவுனுக்குக் கிட்ட, கொம்பியூட்டர் ஸ்கானிங் என்று பெரிய போர்ட் வைத்திருக்கிற கராஜ், அவ்வளவுதான்.

காரில் எஞ்சின் லைற் எரியும், அக்சிலேற்றரை மிதித்தாலும் இழுக்காது. ஏ9 றோட்டில் பின்னால் பஸ்காரன் ஹோன் அடிக்க அடிக்க மாட்டுவண்டில் மாதிரி ஊர்ந்திருக்கிறேன். ஓஃப் பண்ணிப் போட்டால் கொஞ்ச நேரம் சரி.

கராஜ் பொடியன் ஸ்கானரைக் கொழுவி, திரையை என் பக்கம் திருப்பினான். பி0107, பி0122 என்று இரண்டு பிழைக் கோட். "பாத்தீங்களே அண்ணை, மிசினே சொல்லுது. மப் சென்சரும் போச்சு, துரொட்டில் பொடியும் போச்சு. நான் சும்மா சொல்லேல்லை." மப் என்றால் எஞ்சினுக்குப் போகிற காற்றின் அழுத்தத்தை அளக்கிற சென்சர். துரொட்டில் பொடி அந்தக் காற்றைக் கூட்டிக் குறைக்கிற சாமான், அதிலும் ஒரு சென்சர் இருக்கிறது. அந்த "மிசினே சொல்லுது"தான் என்னை விழுத்தியது. முழுக்காசையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். 78,000 ரூபா!

வேலை முடிந்து வீட்டு ஒழுங்கைக்குள் திரும்ப முதலே லைற் மறுபடி எரிந்தது. கேட்டால், "புதுச் சாமான் செற் ஆக வேணும் அண்ணை." பிறகு பெற்றோலில் பிழையாம். அதுக்குப் பிறகு ஈசியூ, அதாவது எஞ்சினை ஆட்டிவைக்கிற கொம்பியூட்டர், போயிருக்குமாம், இன்னும் ஒரு லட்சம் வேண்டுமாம். பழைய சாமான் எங்கே? "எறிஞ்சாச்சு." முதலாளி? கொழும்புக்குப் போய்விட்டார். இப்போது வட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில் இல்லை.

கடைசியில் சுன்னாகத்தில் வயறிங் வேலை செய்கிற ஒரு ஐயாவிடம் போனேன். ஸ்கானரை அவர் பிறகுதான் எடுத்தார். சாவியை ஓன் பண்ணி, எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல், மப் சென்சர் பிளக்கைக் கழற்றி மீற்றரை வைத்தார். 5 வோல்ற் காட்டியது. வயர்க்கட்டைக் கையால் ஆட்டினார், முள் சடாரென்று பூச்சியத்துக்கு விழுந்தது. "தம்பி, கொம்பியூட்டர் குடுக்கிற இந்த 5 வோல்ற் லைனிலதான் ரெண்டு சென்சரும் இருக்கு. வயர் எங்கையோ கார் பொடி இரும்பில முட்டினா ரெண்டுக்கும் கறன்ட் இல்லை. கோட் வந்தா அந்தப் பக்கம் பார் எண்டுதான் அர்த்தம், சாமானை மாத்து எண்டில்லை." ஒரு பிராக்கற்றில் உரசி வயரின் தோல் போய், செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. ஈயம் வைத்து ஒட்டி, சிலீவ் போட்டுக் கட்டினார். 2,500 ரூபா. அங்கே கொடுத்ததோ 78,000!

விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சாமான் மாற்ற முதல் மீற்றரால் வோல்ற் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். முழுக்காசை முதலே கொடுக்காதீர்கள். பில்லில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக இருக்க வேண்டும். என்னுடையதில் "எஞ்சின் வேலை 78,000" என்று ஒரே வரி. அதைக் கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். இதே கராஜில் ஏமாந்த ஆட்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்து கொடுப்போம்.