முன்சக்கரமா, மூன்று சக்கர நாற்காலியா? குளிர்காலத்தில் தேயிலைத் தோட்டப் பாதையில் போக

தை மாத விடியலில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். முதுகெலும்பு அடிபட்ட பிறகு ஆறு வருடம் அதை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கடந்த இரண்டு குளிர்காலத்திலும் வெளியே போய்விட்டேன். முதல் வருடம் கனடாவிலிருந்து சித்தி மகன் கொண்டுவந்த முன்சக்கரத்தோடு, அதாவது வீட்டில் பாவிக்கும் சக்கர நாற்காலியின் கால்மிதியில் பூட்டிக்கொள்ளும் தனிச் சக்கரம். அடுத்த வருடம் நீளமான மூன்று சக்கர நாற்காலியோடு. எது நல்லது என்று கேட்டால், நான் மூன்று சக்கரத்தின் பக்கம்தான்.

செய்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். சாதாரண நாற்காலியின் முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரங்கள் சரளையில் புதையும், ஒரு கல் தட்டினாலே ஆளை முன்னால் கவிழ்க்கும். முன்சக்கரம் அவற்றைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது, மூன்று சக்கரத்தில் அவை இல்லவே இல்லை. கொண்டுபோவதில் முன்சக்கரம்தான் வசதி, கழற்றிப் பையில் போட்டு ஆட்டோவில் ஏறலாம். மூன்று சக்கரத்துக்கு வேன் வேண்டும், வீட்டுக்குள் திருப்பவும் முடியாது. கிரகரி வாவிக் கரை மாதிரிச் சமதளம் மட்டும் போதும் என்றால் முன்சக்கரமே தாராளம்.

ஆனால் என்னுடையது மடக்கும் நாற்காலி, கால்மிதி இரண்டாகப் பிரிந்தது. அதில் பூட்ட இடையில் ஒரு தட்டு வைக்க வேண்டியிருந்தது, தோட்ட ரோட்டின் குலுக்கலில் அந்தப் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. ஒரு நாள் இறக்கத்தில் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தம்பி பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததால் தப்பினேன். பிடியின் உள்ளே இருக்கும் ரப்பர்தான் தேய்ந்திருந்தது. ஹட்டனிலும் கண்டியிலும் தேடிக் கிடைக்காமல், வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்து சேர்ந்தபோது குளிர்காலம் முடிந்துவிட்டது. ஒற்றைக் கால்மிதி உள்ள, மடங்காத நாற்காலி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இருக்காது.

மூன்று சக்கரத்தில் என்ன நடந்தது தெரியுமா? தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலை வழியாகப் போகும்போது ஒரு குச்சி பின் டயரில் ஏறிப் பஞ்சர். தம்பி சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்குப் போனான். சைக்கிள் கடையில் டியூபுக்கு ஒட்டுப் போட்டு இரண்டு மணித்தியாலத்தில் திரும்பிவிட்டான், அதுவரை கொழுந்து எடுக்கும் அக்காமார் கொடுத்த பிளேன்டீயோடு நான் மலையிலேயே இருந்தேன். டியூப், கம்பி, பேரிங் எல்லாம் நம் ஊரில் கிடைக்கும் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். மூடுபனியில் எந்த இரும்பும் துருப்பிடிக்கும், எதையாவது மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

எல்லா மூன்று சக்கரமும் அப்படியல்ல. வாங்கும் முன் டயரின் பக்கவாட்டில் மில்லிமீட்டரில் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். 24 அங்குலம் என்றே எழுதியிருந்தாலும் 507 என்றால் மலைச் சைக்கிள் டயர், சுலபமாகக் கிடைக்கும். 540 என்றால் சக்கர நாற்காலிக்கென்றே வரும் அளவு, தேடி அலைய வேண்டும். 26 அங்குலத்தில் 559தான் மலைச் சைக்கிள் அளவு.

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாகப் போகும் பெக்கோ பாதை என்ற நடைபயணப் பாதையில் தோட்ட ரோடுகள் நிறைய உண்டு, அதில் உருளக்கூடிய துண்டுகளைத்தான் நாங்கள் தேடிப் போகிறோம். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போகும் பாதை கல்லும் சேறுமாக இருக்கும், முன்சக்கரம், மூன்று சக்கரம் இரண்டையும் நம்பி அங்கே இறங்காதீர்கள். அங்கே போக, முன்னும் பின்னும் ஆள் பிடிக்கும் ஒற்றைச் சக்கர நாற்காலிதான் சரி. பிரான்சில் 1987இல் உருவான ஜோலெட் அந்த வகை, நான் ஏறிப் பார்த்ததில்லை. என் மூன்று சக்கரத்துக்கும் ஒரு குளிர்காலம்தான் ஆகியிருக்கிறது, நாற்காலியின் சட்டம் எத்தனை வருடம் தாங்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன்.

அப்புறம், எதை வாங்கினாலும் உள்ளங்கையில் ரப்பர் பூசிய வேலைக் கையுறை ஒரு சோடி வாங்குங்கள், சக்கரத்தைக் கையால் தள்ளும் வளையம் பனியில் நனைந்தால் இறக்கத்தில் வழுக்கும். என்னைப் போலக் காலில் உணர்ச்சி இல்லாதவர்கள் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு, திரும்பியதும் விரல்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். சூடேற்ற வெந்நீர்ப் பை மட்டும் வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.