நாலு வருஷமாக ஒரு 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ், பெரும்பாலும் படகில்

போன வாரம்தான் லென்ஸ் சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. கைநடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் யூனிட்டையே மாற்றிவிட்டார்கள், பில்லைப் பற்றிப் பேச வேண்டாம். அதே நாளில் நண்பன் ஒருவன் "150-600 வாங்கலாமாடா?" என்று கேட்டான், அதனால்தான் இது.

இந்த லென்ஸை நான் அதிகம் எடுத்துப்போவது பழவேற்காட்டுக்கு. பூநாரைகள் முழங்கால் தண்ணீரில் நிற்கும், கொஞ்சம் நெருங்கினாலும் கூட்டத்தோடு தள்ளிப் போய்விடும், ஆகவே எப்போதும் 600தான். என் கேமராவில் இருப்பது கிராப் சென்சார், அதாவது அளவில் சின்னது, அதனால் பார்வைக்கு 900 மி.மீ. வந்துவிடுகிறது. அந்தத் தூரத்தில் படகுக்காரர் பீடி எடுக்கக் குனிந்தாலே பறவை ஃப்ரேமைவிட்டு ஓடிவிடும்.

என் எரிச்சல் ஒன்றே ஒன்று. ஷட்டரைப் பாதி அழுத்தியதும் ஸ்டெபிலைசர் 'டொக்' என்று விழித்துக்கொள்ளும், படம் ஒரு துள்ளு துள்ளும், அப்புறம்தான் அடங்கும். கரையில் நின்றால் இது ஒரு விஷயமே இல்லை. படகில் அது அடங்குவதற்குள் அடுத்த அலை வந்துவிடும், நான் பறவையோடு திரும்பினால் அதையும் கைநடுக்கம் என்று நினைத்துப் பின்னால் இழுக்கும். பேனிங்குக்கு, அதாவது பறவையோடு பக்கவாட்டில் திரும்புவதற்கு என்று இரண்டாவது மோட் இருக்கிறது, சரி, ஆனால் படகு பக்கவாட்டில் மட்டுமா ஆடுகிறது? இரண்டு வருஷம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பையில் உரசி சுவிட்ச் ஆஃபுக்குப் போயிருந்தது தெரியாமலே 1/2500 நொடி ஷட்டரில் சுட்டுத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், விரிந்த இறக்கையின் கறுப்புச் சிறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். படத்தில் நாய்ஸ், அதாவது புள்ளிப்புள்ளியாகக் கொஞ்சம் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றிலிருந்து படகில் அது ஆஃப்தான். முக்காலியும் கிடையாது, எஞ்சின் அதிர்வு பலகை வழியாக நேரே லென்ஸுக்கு ஏறும். பழைய ஜீன்ஸ் கால் ஒன்றில் அரிசி நிரப்பித் தைத்து, மடியில் வைத்து அதன்மேல் லென்ஸ், இரண்டு கிலோவும் அப்படியே பதிந்து உட்காரும். "எஞ்சினை நிறுத்திட்டுக் கழி போடுங்கண்ணே" என்றால் அவரே கரெக்டாக வெயிலுக்கு முதுகு காட்டித் திருப்பிக் கொடுப்பார். வெயில் ஏறிக் கானல் கிளம்பிவிட்டால் எந்த லென்ஸாலும் ஒன்றும் ஆகாது, இட்லி சாப்பிடப் போகலாம்.

ஆக, படகில் நான் போடவே போடாத ஒன்றுக்குத்தான் இவ்வளவு செலவு. கெட்டுப்போனதும் ஆஃபில் வைத்தாலும் படம் ஒரு பக்கமாகச் சரிந்தது, வேறு வழியில்லை.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "அப்போ உன்னுதைப் பாதி விலைக்குக் கொடுத்துடேன்" என்கிறான். நல்ல கதையாக இருக்கிறதே!