மிசோரி மீர்ஷாம் ‘கன்ட்ரி ஜென்டில்மேன்’: புதுச் சுங்கானைப் பழக்கும்போது

புதுச் சுங்கான் (புகையிலை பிடிக்கும் பைப்) வாங்குகிறவரை முதலில் மிரட்டுவது அதன் விலை அன்று. அதைப் பழக்கியெடுக்க வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்லும் விதிகள்தான். முதல் சில முறை கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே புகையிலை இட வேண்டும், பிறகு பாதி, பிறகு முழுதும் என்பார் ஒருவர். உட்சுவரில் தேன் தடவாமல் நெருப்பே வைக்கக்கூடாது என்பார் இன்னொருவர். இவற்றில் காரணத்தோடு வந்தவை எவை, வழக்கத்தால் ஒட்டிக்கொண்டவை எவை என்று பிரித்தறிய, விலை குறைந்ததாகவும் ஒழுங்காகச் செய்யப்பட்டதாகவும் இருக்கும் ஒரு சுங்கான் கையில் இருந்தால் நல்லது. அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் மக்காச்சோளக் கதிர்த்தண்டிலிருந்து (மணிகளை உதிர்த்தபின் எஞ்சும் நடுக்கட்டையிலிருந்து) செய்யப்படும் ‘கன்ட்ரி ஜென்டில்மேன்’ அப்படிப்பட்டது.

மதிப்புரைக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுங்கான் பிடிப்பவர் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் அது கெடுதல் இல்லாத பழக்கம் என்று நினைப்பது தவறு. உதடு, நாக்கு, தொண்டை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பை அதுவும் கூட்டுகிறது. இந்தப் பழக்கம் இல்லாதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். ஏற்கனவே புகைப்பவருக்காகவே இது எழுதப்படுகிறது.

மிசோரி ஆற்றங்கரையில், செயின்ட் லூயிஸ் நகருக்கு மேற்கே உள்ள வாஷிங்டன் என்னும் சிற்றூரில் ஹென்றி டிப் என்ற டச்சுக்காரர் மரம் கடையும் தொழில் செய்துவந்தார். உள்ளூர் விவசாயி ஒருவர் தாம் குடைந்துவைத்திருந்த கதிர்த்தண்டுச் சுங்கானைக் கடைசலில் வைத்துச் செம்மையாக்கித் தரச் சொன்னார் என்றும், அதிலிருந்தே 1869இல் இந்தத் தொழில் பிறந்தது என்றும் சொல்லப்படுகிறது. டிப் செய்த முக்கியமான காரியம், கதிர்த்தண்டின் வெளிப்புறத்தில் உள்ள குழிகளையெல்லாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு நிரப்பி, காய்ந்தபின் தேய்த்து வழவழப்பாக்கும் முறையைக் கண்டதும், 1878இல் அதற்குக் காப்புரிமை பெற்றதும்தான். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் மீர்ஷாம் என்னும் வெண்ணிறக் கனிமத்தில் குடைந்த சுங்கான்கள் அக்காலத்தில் பெருமதிப்புடையவை. எடை குறைந்தவை, ஈரத்தை உறிஞ்சுபவை. தம் சரக்கும் அதே குணங்களோடு இருப்பதைக் கண்டு அதற்கு ‘மிசோரி மீர்ஷாம்’ என்று பெயர் வைத்தார் டிப். இரண்டாம் உலகப் போர்க்காலப் புகைப்படங்களில் அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தரின் வாயில் தெரியும் ஆழமான கிண்ணம் கொண்ட சுங்கானும் இந்த நிறுவனம் செய்து கொடுத்ததே.

நம் ஊர்ச் சந்தையில் வேகவைத்து விற்கும் மக்காச்சோளத்தின் தண்டைக் குடைந்தால் இது கிடைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். இதற்கென்றே தடித்த, கெட்டியான தண்டு தரும் கலப்பின மக்காச்சோளத்தைப் பயிரிடுகிறார்கள். மற்ற விவசாயிகளுக்கு மணி முக்கியம், தண்டு கழிவு. இங்கே அது தலைகீழ். உதிர்த்த தண்டுகளை ஈரம் முற்றிலும் வடியும்படி இரண்டு ஆண்டுகள் வரை உலரவைத்த பின்னரே அறுத்துக் குடைகிறார்கள்.

‘கன்ட்ரி ஜென்டில்மேன்’ அந்த வரிசையில் உருளை வடிவிலான நடுத்தரச் சுங்கான். கிண்ணத்தின் சுவர் தடிமனாக இருக்கிறது. கிண்ணத்தின் அடியைக் கடின மரக்கட்டை ஒன்றால் அடைத்திருக்கிறார்கள். மலிவான கதிர்த்தண்டுச் சுங்கான்களில் தண்டின் மென்மையான உள்நெட்டியே அடிப்பாகமாக இருந்து சீக்கிரம் எரிந்துபோகும் என்பதால் இந்தக் கட்டைக்காகவே கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். கிண்ணத்தில் செருகியிருப்பது மரக்குழல். அதன் முனையில் கழற்றி மாட்டக்கூடிய நெகிழி வாய்க்குழல். நேராகவும் வளைவாகவும் இரண்டு வகை உண்டு. வாய்க்குழலுக்குள் 6 மி.மீ. காகித வடிகட்டி பொருந்தும். நான் அதைப் போடுவதில்லை. போட்டால் புகை தணிந்து வருகிறது என்பது உண்மைதான். ஆனால் ஈரத்தில் ஊறிய காகிதத்தின் வாடையும் கூடவே வருகிறது. கையில் எடுத்தால் காலி டப்பா போலக் கனமே இல்லை. பல்லில் கடித்தபடி நெடுநேரம் படிக்கலாம், தாடை வலிக்காது. பார்ப்பதற்கு எடுப்பானது என்று சொல்ல மாட்டேன்; வரவேற்பறை அலமாரிக்காக வாங்குகிறவர் வேறிடம் பார்க்க வேண்டும்.

பழக்குவது எதற்காக என்பதை முதலில் பிரையர் சுங்கானை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்து மலைச்சரிவுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்ச்செடியின் வேர்ப்பகுதியில் பருத்துத் திரளும் முண்டு. பல பத்தாண்டுகள் வளர்ந்த முண்டை வெட்டியெடுத்து, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து உள்ளிருக்கும் சாற்றைப் போக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துகிறார்கள். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் குளோட் ஊர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த வேலைக்குப் பேர்போனது. எவ்வளவு உலர்த்தினாலும் பிரையர் மரம்தான். அதன் வெறும் சுவரில் நெருப்பு நேராகப் பட்டால் கரிந்துபோகும். பல முறை புகைத்த பிறகு உட்சுவரில் மெல்லிய கரிப்படிவு ஒன்று சீராகப் படிகிறது. அது மரத்துக்கும் நெருப்புக்கும் இடையே தடுப்பாக நிற்கிறது. புகையிலையின் ஈரத்தையும் ஓரளவு வாங்கிக்கொள்கிறது. அந்தப் படிவு உருவாகும்வரை காக்கும் காலம்தான் பழக்கும் காலம். மூன்றில் ஒரு பங்கு புகையிலையில் தொடங்கச் சொல்வதும் இதற்காகவே. கிண்ணத்தை நிரப்பிப் புகைப்பவர்களில் பலர் அடிவரை புகைப்பதில்லை, அதனால் மேற்பாதியில் மட்டும் படிவு ஏறி அடிப்பாகம் பச்சையாகவே நின்றுவிடுகிறது. அசல் மீர்ஷாமுக்கோ இந்தக் கவலையே கிடையாது. அது கல், கரிப்படிவு தடித்தால் வெப்பத்தில் அந்தப் படிவு விரிந்து கிண்ணத்தைப் பிளந்துவிடும் என்று அஞ்சி, அதைத் துடைத்தெடுத்துவிடுவார்கள்.

கதிர்த்தண்டு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எரியக்கூடியதுதான் என்றாலும், நுண்துளைகள் நிறைந்திருப்பதால் சூட்டையும் ஈரத்தையும் உடனுக்குடன் வாங்கி வெளியே விடுகிறது. ஆகவே பிரையருக்குச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதி இதற்குத் தேவையில்லை. முதல் முறையே கிண்ணத்தை நிரப்பலாம். ஆனால் நிதானம் மட்டும் பிரையருக்குத் தேவைப்படுவதைவிட இதற்குக் கூடுதலாகவே தேவைப்படும்.

முதல் கிண்ணத்தின் சுவை புகையிலையினுடையது மட்டும் அன்று. பற்றவைத்த சில நிமிடங்களில் தணலில் சுட்ட மக்காச்சோளத்தின் இனிப்பு வாடை மூக்கில் ஏறுகிறது. அடிப்பாகத்தை நெருங்கும்போது பச்சை மரம் கருகும் கசப்பு ஒன்றும் நாக்கில் தட்டுகிறது. முதலாவது எனக்குப் பிடித்தே இருந்தது. இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஏழெட்டுக் கிண்ணங்களுக்குள் அது மறைந்துவிடும் என்பது பொதுவான அனுபவம். அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று கிண்ணத்துக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் தெரியும். மரக்குழலின் நுனி கிண்ணத்தின் சுவரைத் தாண்டி உள்ளே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. கதிர்த்தண்டுச் சுங்கான்களில் பொதுவாகவே இப்படித்தான். அந்த நுனிதான் முதலில் கரிகிறது. இதைக் குறை என்று சொல்வதைவிட, இந்தச் சுங்கானில் உண்மையில் பழக்க வேண்டிய இடம் இதுதான் என்று சொல்வது பொருந்தும். அடிப்பாகத்துக்கு நெருப்பு வரும்போது இழுப்பைப் பாதியாகக் குறைத்து, சாம்பல் நுனியைச் சுற்றி மெத்தையாகத் தங்கும்படி விட்டுவிட்டால், கரிந்த பகுதியே பிறகு கவசமாகிவிடுகிறது. சுருட்டுச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து அந்த நுனிக்குக் கீழே உள்ள பள்ளத்தை நிரப்பி உலரவிடுவது பழைய கைகள் செய்யும் வேலை. அடியில் கட்டை உள்ள இந்த மாதிரிக்கு அது கட்டாயம் இல்லை. ஆனாலும் செய்தால் நல்லது, அடியில் ஈரம் தேங்காது.

தேன் தடவுவதைப் பற்றி என் தீர்ப்பு கறாரானது: வேண்டாம். தேனிலுள்ள சர்க்கரை கருகித் தரும் படிவு மென்மையாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கிறது. புகையிலை தானே தரும் கரி கெட்டியாகப் பிடிக்கிறது. கதிர்த்தண்டின் துளைகளைத் தேனால் அடைப்பது, எந்தக் குணத்துக்காக இதை வாங்கினோமோ அந்தக் குணத்தையே கெடுப்பதாகும். பிரையர் சுங்கான் செய்கிறவர்கள் சிலர் உட்சுவரில் கரித்தூளை மோரிலோ புளித்த பாலாடையிலோ குழைத்துப் பூசித் தருகிறார்கள். மோரில் உள்ள புரதம் கரியைச் சுவரோடு பிடிக்கவைக்கிறது. உலர்ந்தபின் புளிப்பு வாடை தெரிவதில்லை. பிரையருக்கு அது பொருளுள்ள ஏற்பாடு. மக்காச்சோளத்துக்கு அதுவும் தேவையில்லை.

நெருப்பு வைக்கும் முறைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். புகையிலையை மூன்று தவணையாக இட வேண்டும்: முதலில் குழந்தையின் கைபோல மெல்ல, பிறகு பெண்ணின் கைபோலச் சற்று அழுத்தி, கடைசியில் ஆணின் கைபோல இறுக்கி என்பது சுங்கான்காரர்களின் பழைய வாய்பாடு. (பெண்ணின் கை வலுவற்றது என்று முடிவு கட்டியவர் எங்கள் வீட்டு அம்மிக்கல்லைப் பார்த்திருக்க மாட்டார்.) தீக்குச்சியைக் கொளுத்தி, அதன் முனையிலுள்ள கந்தக வாடை போனபின், சுடரைப் புகையிலையின் மேல் வட்டமாகச் சுழற்ற வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தினால் விளிம்பு கருகும். சீறும் நீலச்சுடர் லைட்டர்களை மக்காச்சோளச் சுங்கானுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. முதல் சுடர் பட்டதும் இலைத்துணுக்குகள் நெளிந்து மேலே எழும்பும். அவற்றை டாம்பரின் (புகையிலையை அழுத்தும் சிறு கருவி) சொந்த எடையால் மட்டும் அழுத்திச் சமப்படுத்தி, மறுபடியும் பற்றவைக்க வேண்டும். பிறகு மூச்சு விடும் கதியில் மெல்ல இழுத்தால் போதும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சுட்டால், வேகமாக இழுக்கிறோம் என்று பொருள். அப்போது கீழே வைத்துவிட வேண்டும். அணைந்தால் அணையட்டும். திரும்பத் திரும்பப் பற்றவைப்பது வெட்கப்படத்தக்க காரியம் அன்று. அணையக்கூடாது என்று ஊதி ஊதி இழுப்பதால்தான் கிண்ணத்தில் ஓட்டை விழுகிறது.

பழக்கும் காலத்துக்குப் புகையிலை தேர்ந்தெடுப்பதில் பர்லி வகைக்கே என் வாக்கு. அதில் சர்க்கரை குறைவு, எரிச்சல் குறைவு. தரும் கரியும் கெட்டியானது. வர்ஜீனியா இலையில் சர்க்கரை மிகுதி. சூடாக எரியும், அவசரக்காரர் நாக்கைக் கடிக்கும். வாசனைச் சாறு ஏற்றிய இனிப்புப் புகையிலைகள் எல்லாவற்றையும்விட ஈரமானவை. அவற்றைப் புதுச் சுங்கானில் இட்டால் அடியில் குளம் கட்டும். எந்தப் புகையிலையானாலும் டப்பாவிலிருந்து எடுத்தவுடன் இடாமல், தட்டில் பரப்பிச் சற்று நேரம் காற்றாட விட வேண்டும். விரலால் கிள்ளினால் ஒட்டிக்கொள்ளாமல் மெல்ல விரிய வேண்டும். அதே சமயம் பொடியாக நொறுங்கவும் கூடாது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களின் காற்றில் இதற்கு மேல்நாட்டுக் குறிப்புகள் சொல்வதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

புகைத்து முடித்ததும் சூட்டோடு வாய்க்குழலைக் கழற்றக் கூடாது. மரக்குழல் ஆறும்போது சுருங்கிப் பிடிப்புத் தளர்ந்துவிடும். ஆறியபின் பைப் கிளீனரை (பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பி) உள்ளே விட்டு எடுத்தால் முதல் சில நாள் பழுப்பு ஈரம் ஒட்டிவரும், போகப் போகக் குறையும். சாம்பலைத் தட்டுவதற்காகக் கிண்ணத்தை மேசை விளிம்பில் மோதக் கூடாது. மரக்குழல் செருகிய இடம் ஆட்டம் கண்டுவிடும். பிரையருக்கு ஒரு நாளாவது ஓய்வு தர வேண்டும் என்பார்கள். இது அதைவிட விரைவில் உலர்ந்துவிடுகிறது என்றாலும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் புகைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கரிப்படிவு ஒரு நாணயத்தின் கனத்தைத் தாண்டினால் சுரண்டிக் குறைக்க வேண்டும். கத்திமுனை வேண்டாம், தண்டின் நார் பெயர்ந்துவரும். காகிதத் துணியைச் சுருட்டி உள்ளே விட்டுத் திருகினாலே போதுமானது.

விலையைப் பொறுத்தவரை, நடுத்தரப் பிரையர் ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் இவற்றில் பல வாங்கலாம். ஆயுள் பிரையரைப்போல வராது. நன்றாகப் பேணினால் சில ஆண்டுகள் நிற்கும். வாய்க்குழல் பல்லில் நசுங்கினால் அதைமட்டும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இரண்டு வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். சைப்ரஸில் விறகுப்புகையில் உலர்த்தப்படும் லட்டாக்கியா என்னும் புகையிலை கலந்த கலவைகளின் வாடை கதிர்த்தண்டில் ஏறினால் எளிதில் இறங்காது. அதற்கென்று ஒன்றை ஒதுக்கி, மற்றதைப் பர்லிக்கு வைத்துக்கொண்டால் ஒன்றின் சுவை மற்றொன்றைக் கெடுக்காது.