கும்பகோணத்து மகளிர் மருத்துவமனை ஒன்றில் என் அனுபவம்

மாதவிடாய் ஒருமுறை இருபதே நாளிலும் அடுத்தமுறை இரண்டு மாதம் தள்ளியும் வந்து, மார்கழிப் பனியிலும் நள்ளிரவில் ரவிக்கை நனைய வியர்த்து விழித்த பிறகே, 46 வயதில் கும்பகோணத்தில் உள்ள ஒரு மகளிர் மருத்துவமனைக்குச் சென்றேன். இந்த வயதில் ஹார்மோன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் ஒரேயொரு ரத்தப் பரிசோதனையை வைத்து எதையும் உறுதிசெய்ய இயலாது என்ற மருத்துவர், தைராய்டும் ஹீமோகுளோபினும் மட்டும் பார்க்கச் சொன்னது எனக்குப் பெரிய நிறைவு. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால்தான் மாதவிடாய் நின்றதாகக் கொள்ள வேண்டும், அதுவரை கருத்தரிக்கவும் வாய்ப்புண்டு என்றதும் உடன் வந்த நாத்தனார் வாயடைத்துப்போனார். எலும்புக்குக் கேழ்வரகு, எள், நடை எல்லாம் சரி; மாலை டிகிரி காபியை விடச் சொன்னதுதான் கடினம். டோக்கன் பெற்றும் இரண்டு மணி நேரக் காத்திருப்பு, அதுவும் மின்விசிறி சுழலாத மூலையில்.