நேரோபேண்டா, வைட்பேண்டா: டியூனிங்குக்கு எந்த ஆக்சிஜன் சென்சார்?

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தப் புள்ளிதான் லாம்டா 1 (லாம்டா என்பது உண்மையான காற்று-எரிபொருள் விகிதத்தை இந்தச் சரியான விகிதத்தால் வகுத்த எண்). எக்ஸாஸ்ட் குழாயில் ஆக்சிஜனைப் பார்க்கும் நேரோபேண்ட் சென்சாருக்குத் துல்லியமாகத் தெரிவது அந்த ஒரு புள்ளி மட்டுமே. கலவை ரிச்சானால் (பெட்ரோல் அதிகமானால்) 0.8–0.9 வோல்ட், லீனானால் (காற்று அதிகமானால்) 0.1 வோல்ட், இடையிலுள்ள 0.45-ஐச் சட்டென்று தாண்டிவிடும். ஐடிலிலும் ஒரே சீரான ஓட்டத்திலும் இந்தத் தாவலைப் பார்த்துத்தான் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த வேலைக்கு நேரோபேண்ட் தாராளமாகப் போதும்.

ஃபுல் த்ராட்டிலில் அது கைவிட்டுவிடும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே காற்று-பெட்ரோல் விகிதம் 12.5–13 வேண்டும், டர்போ எஞ்சினுக்கு 11.5 அளவில். நேரோபேண்ட் 0.85 வோல்ட் காட்டினால் அது 13-ஆ, 11.5-ஆ? சொல்லவே முடியாது, கலவை மாறாமல் சென்சாரின் சூடு ஏறி இறங்கினாலே அந்த வோல்டேஜ் நகரும். அதை நம்பி மேப் (எவ்வளவு பெட்ரோல் என்று இசியுவுக்குச் சொல்லும் அட்டவணை) எழுதுவது பிஸ்டனைப் பணயம் வைப்பதுதான்.

வைட்பேண்டில் கூடுதலாக ஒரு பம்ப் செல் உண்டு. உள்ளிருக்கும் அளவிடும் செல் 450 மில்லிவோல்ட்டில் நிற்கும்படி அது ஆக்சிஜனை உள்ளே இழுக்கும் அல்லது வெளியே தள்ளும். அதற்குச் செலவாகும் மின்னோட்டமே ரீடிங். இதற்குத் தனி கன்ட்ரோலர் அவசியம். பாஷ் எல்எஸ்யு வரிசையில் 4.2-ஐவிட 4.9-ஐத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வோம். 4.2 ஒப்பீட்டுக்கு வெளிக்காற்றை நம்புகிறது. அந்தக் காற்றில் எண்ணெய் ஆவி கலந்தால் ரீடிங் பிசகும். 4.9 அந்த ஆக்சிஜனைத் தானே பம்ப் செய்துகொள்கிறது. ஒன்றுக்கான கன்ட்ரோலரில் மற்றதை மாட்டக் கூடாது.

டியூனிங்கில் முதலில் ஃபியூயல் பிரஷரையும் இன்ஜெக்டரின் டெட் டைமையும் (மின்சாரம் கொடுத்தபின் திறக்க அது எடுக்கும் தாமதம்) சரிசெய்யுங்கள். பிறகு க்ளோஸ்ட் லூப் திருத்தத்தை (சென்சாரைப் பார்த்து இசியு தானே பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பதை) அணைத்துவிட்டு, ஒரே ஆர்பிஎம், ஒரே லோடில் எஞ்சினை நிலையாக ஓடவிட்டுப் பாருங்கள். விஇ என்பது சிலிண்டர் எவ்வளவு காற்றால் நிரம்புகிறது என்ற மேப் எண்: புதிய விஇ = பழைய விஇ × அளந்த விகிதம் ÷ வேண்டிய விகிதம். விஇ 70, அளந்தது 13.8, வேண்டியது 12.8 என்றால் 75.5. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7 பொருந்தாது, லாம்டாவிலேயே படிப்பது நல்லது.

வைட்பேண்டும் ஏமாறும். அது பார்ப்பது ஆக்சிஜனை, பெட்ரோலை அல்ல. மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை பற்றாமல் போவது) ஆனால் எரியாத ஆக்சிஜன் வெளியேறி, ரிச்சான கலவையையும் லீன் என்று காட்டும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருந்தாலும் அதே கதை. இதைக் கவனிக்காமல் பெட்ரோலைக் கூட்டினால் மிஸ்ஃபயர்தான் கூடும்.

சென்சாரைக் குழாயின் மேல்பாதியில், படுக்கைவாட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்த்துப் பொருத்துங்கள். தண்ணீர் தேங்கிச் சூடான செராமிக்கில் பட்டால் அது விரிசல் விடும். ஹீட்டருக்குக் கரன்ட் கொடுக்காமல் எஞ்சினை ஓட்டினால் கரி படிந்து கெடும். கன்ட்ரோலரின் அனலாக் எர்த்தை இசியுவின் சென்சார் எர்த்திலேயே சேருங்கள்: 0–5 வோல்ட்டுக்கு 10–20 விகிதம் என்று வைத்திருந்தால், 0.1 வோல்ட் பிசகே ரீடிங்கை 0.2 நகர்த்திவிடும்.